ராணி லந்தில்தா தானே விரும்பித் துறவு பூண்ட கதை

ராணி லந்தில்தாவுக்குத் துறவு பூணும் ஆசை வந்துவிட்டது என்று அரண்மனை மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தபோது ராணி அங்கே இல்லை. கீழே சமையற்கட்டில் நின்று, நோன்பு முடிந்ததும் வைக்கும் விருந்துக்கு எத்தனை விலாங்கு மீன் பிடிக்கச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். தீர்மானத்தை அவரிடம் உடனே சொல்ல வேண்டியதில்லை என்று இரண்டாவதாகவும் ஒரு தீர்மானம் போட்டார்கள்.

எங்கள் மர்லாகும் அரண்மனை ஒன்றும் பெரிதில்லை. வாஸ் ஆற்றங்கரையில் ஓக் மரத் தூண்கள் நிறுத்தி, மேலே நாணல் வேய்ந்த நீளக் கூடம். மழை பிடித்தால் ஏழு இடத்தில் ஒழுகும். ஆனால் அங்கே நடக்கும் சடங்குகளைப் பார்த்தால், உலகமே அந்த ஒழுகலுக்குக் கீழேதான் இயங்குகிறது என்று தோன்றும். பெரியவர்கள் தும்மினால் யார் முதலில் ‘ஆண்டவர் காக்க’ சொல்ல வேண்டும் என்பதற்குக்கூட வரிசை உண்டு. வரிசை தெரியாமல் சொல்லிவிட்ட ஒரு குதிரைக்காரனை ஆறு மாதம் கொட்டிலைவிட்டு வெளியே வரவிடவில்லை.

லந்தில்தா கடலுக்கு அப்பாலிருந்து சிறுமியாகப் பிடித்துவரப்பட்டவர். இதே அரண்மனையின் நெசவுக்கூடத்தில் அடிமையாக நூல் நூற்றவர். அரசர் கண்ணில் பட்டார், ராணியானார். அரசர் இறந்தபின் மகன் சிறுவனாக இருந்ததால் ஒன்பது வருஷம் அவரே நாட்டை ஆண்டார். ஆண்டதில் இரண்டு தப்புகள் செய்தார். இந்த நாட்டில் இருக்கும் யாரையும் கப்பலேற்றி வெளிநாட்டில் விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். அது அரண்மனைத் தலைவர் மாதல்காருக்கு வயிற்றெரிச்சல். திருச்சபையில் ஆயர் பதவியை அன்பளிப்புக் கொடுத்து வாங்கக் கூடாது என்று இன்னொரு ஆணை. அது ஆயர் பலாதியனுக்கு மனவருத்தம். பலாதியன் தன் பதவிக்கு மூன்று கிராமமும் ஒரு திராட்சைத் தோட்டமும் கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் பேசுவதில்லை.

மகனுக்குப் பதினான்கு வயதாகி அரசப் பட்டம் கட்டியதும் மாதல்கார் மன்றத்தில் எழுந்தார். கனமான மனிதர். பேசும்போது தன் வயிற்றை ஒரு கையால் தடவிக்கொடுப்பார்.

“ராணியம்மாவுக்குப் பல வருஷமாவே துறவு மேல ஆசை. அப்படி ஒரு ஆசை இருக்குன்னு அவங்கதான் இன்னும் கவனிக்கல. அவங்களைக் கவனிக்க வைக்கிறது நம்ம கடமை.”

இது பலவந்தம் ஆகாதா என்று ஒரு வயசான பிரபு கேட்டுவிட்டார். காது மந்தமானவர், மன்றத்தின் போக்குத் தெரியாமல் கேட்டுவிட்டார் என்று மற்றவர்கள் மன்னித்தார்கள். ஆயர் பலாதியன் பொறுமையாக விளக்கினார்.

“ஒருத்தரை உள்ள வச்சு வெளியே பூட்டுனா அது பலவந்தம். வெளிய போகணும்கிற எண்ணம் அவங்களைத் தொந்தரவு பண்ணாம இருக்கட்டும்னு பூட்டுனா, அதுக்குப் பேரு பராமரிப்பு.”

அரச குடும்பத்தார் தலையில் இரும்பு படாது என்பது எங்கள் நாட்டு வழக்கம். அந்த நீள மயிர்தான் அவர்களுக்குக் கிரீடம். அதை வெட்டிவிட்டால் அவர்கள் அரச குடும்பம் இல்லை, மடத்துக்கு அனுப்பிவிடலாம். ஆகவே ராணியின் மயிரை வெட்ட வேண்டும். எப்படி என்று முடிவு செய்யப் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளும் முத்திரைக்காரர் ஆட்பெர்ட்டின் பொற்காலம். அரச ஆணைகளுக்கு மெழுகு முத்திரை வைப்பது அவர் வேலை. ஒரு மனிதரிடத்தில் அரசத்தன்மை எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த நொடியில் முடிகிறது என்று இருபது வருஷமாகத் தனியாக ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் கிடைத்ததே இல்லை. இப்போது மன்றமே கேட்டது. அவர் சொன்னார்: வெட்டிய அரச மயிரைத் தரையில் போடக் கூடாது, அரண்மனைப் பேழையில் வைக்க வேண்டும். அந்தப் பேழையில் அரச மயிர் தவிர வேறு மயிர் வைக்கக் கூடாது. முதல் கற்றை விழும்போதே ராணிப் பதவி போய்விட்டால் மிச்சமெல்லாம் சாதாரணப் பெண்ணின் மயிராகிவிடும், பேழை தீட்டாகிவிடும். ஆகவே கடைசிக் கற்றை விழும்வரை அவர் ராணிதான். முழு அதிகாரமுள்ள ராணி. மன்றம் மேசையைத் தட்டி ஆமோதித்தது. மாதல்காரும்தான் தட்டினார்.

ஆயர் சும்மா இருப்பாரா. குற்றவாளிக்கு மொட்டையடிப்பதுபோல் சரக்கென்று முடித்துவிட்டால் மரியாதையாக இருக்காது என்றார். மயிரை நூற்றைம்பது கற்றையாகப் பிரிக்க வேண்டும். ஒரு கற்றைக்கு வேதாகமத்துச் சங்கீதம் ஒன்று முழுதாகப் பாட வேண்டும். அதற்கும் மேசையைத் தட்டினார்கள்.

யார் வெட்டுவது என்பதில்தான் சிக்கல். அரண்மனை நாவிதன் ராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவன். அவன் வெட்டினால் துரோகம். பிரபு வெட்டினால், இளைய அரசர் மீசை முளைத்ததும் அந்தப் பிரபுவின் குடும்பத்தை வெட்டுவார். குருமார் வெட்ட ஆயர் சம்மதிக்கவில்லை, காரணம் சொல்லவும் சம்மதிக்கவில்லை. அடிமை தொட்டால் ராணிக்கு அவமானம், அவர்கள் ராணியை மிகவும் மதித்தார்கள். கடைசியில் ஆட்பெர்ட் கண்டுபிடித்தார்: அடிமையாகவும் இருக்கக் கூடாது, முழுச் சுதந்திரனாகவும் இருக்கக் கூடாது, பழி வாங்கப்பட்டால் கேட்க நாதி இருக்கக் கூடாது, கத்தரி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவன் அரண்மனைப் பண்ணையில் இருந்தான். செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பப்போலன்.

இரண்டு சிப்பாய்கள் வந்தபோது பப்போலன் ஒரு கிடாயைப் பாதி கத்தரித்திருந்தான். மிச்சத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றதற்கு விடவில்லை. ஒரு பக்கம் கம்பளியும் ஒரு பக்கம் வெறும் தோலுமாக அது பட்டியில் சுற்றிக்கொண்டிருக்க, இவன் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே நடந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டின் காதைத்தான் அவன் கீறியிருக்கிறான்.

அரண்மனையில் அவனை மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். முதல் தடவை அழுக்குக்கு, இரண்டாவது ஆட்டு வாடைக்கு, மூன்றாவது அவன் தாழ்ந்தவன் என்பதற்கு. பிறகு ஆட்பெர்ட் ஒத்திகை நடத்தினார். சாதாரண மயிரில் ஒத்திகை பார்த்தால் கத்தரி தரம் இறங்கிவிடும் என்று அரசரின் வெள்ளைப் பெண் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பப்போலன் அதன் வாலில் முப்பது கற்றை வெட்டினான். வெட்டிய ஒவ்வொன்றுக்கும் ஆட்பெர்ட் நூல் கட்டி, தோல் துண்டில் எண் எழுதி, அரசரின் குதிரை மயிரும் அரச மயிர்தான் என்று பேழைக்குள் வைத்தார். கடைசியாக ஆயர் முன்னால் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள்: ‘இந்தக் காரியத்தைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை; முன்பும் இருந்ததில்லை.’ அபிப்பிராயம் என்றால் என்ன என்று பப்போலன் கேட்டான். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அவன் குளிக்க வெந்நீர் கொண்டுவந்தது அவன் மனைவி உர்சா. அவள் நெசவுக்கூடத்து அடிமை. அறுபத்து மூன்று பெண்கள் பாதி பூமிக்குள் இறங்கிய அந்த ஈரக் கூடத்தில் நாள் முழுக்க நூற்று நெய்தார்கள். வாரத்தில் ஞாயிறு மட்டும் அவள் புருஷனோடு இருக்கலாம். கலயத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிரவில்லை.

“நேத்து ரெண்டு பேரு வந்தாங்கய்யா. எங்க எல்லாரையும் வாயைத் தொறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்தாங்க. விரலை மடக்கி நீட்டச் சொன்னாங்க.”

“எதுக்கு?”

“ஆத்து முகத்துல கப்பல் நிக்குதாம். ராணியம்மா போயிட்டா அவங்க போட்ட சட்டமும் போயிடுமாம். தலைவரோட ஆளு எங்க எதிர்லயே சொன்னான், ஆடு மாடுக்கு முன்னால பேசுற மாதிரி.”

அதற்குமேல் பேச ஒரு சேவகன் விடவில்லை. பப்போலன் மூன்றாவது குளியலில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கூடம் நிறைந்தது. இளைய அரசரைக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ராணி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வயது, தடித்த மணிக்கட்டு, நூல் நூற்ற விரல்கள். தன் ஆசையைப் பற்றி அவருக்கு முந்திய நாள்தான் தெரிவித்திருந்தார்கள். அவர் அழவில்லை, கத்தவில்லை. அது மாதல்காருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிக்கொள்ள ஒரு நல்ல கன்றுத்தோலே தயார் செய்து வைத்திருந்தார்.

ராணி முத்திரைக்காரரைப் பார்த்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். தான் எதுவரைக்கும் ராணி?

ஆட்பெர்ட்டின் முகம் மலர்ந்தது. இருபது வருஷ உழைப்பை நின்ற நிலையில் எடுத்துச் சொன்னார். பேழை, தீட்டு, முதல் கற்றை, கடைசிக் கற்றை, முழு அதிகாரம், எல்லாவற்றையும். ராணி நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும், அப்படியானால் எழுத்தரையும் மெழுகையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் சில ஆணைகள் பிறப்பிக்க வேண்டும் என்றார்.

மாதல்கார் எழுந்தார். இது முறையில்லை என்றார். ஆட்பெர்ட் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் இருபது வருஷக் கோபம் இருந்தது. முறை எது என்று சொல்வது தன் வேலை, தலைவரே மேசையைத் தட்டி ஒப்புக்கொண்ட முறைதான் இது என்றார். எழுத்தர் வந்து உட்கார்ந்தார்.

பப்போலன் கத்தரியோடு பின்னால் போய் நின்றான். வளைத்துச் செய்த ஒற்றை இரும்புக் கத்தரி. அவன் உள்ளங்கை அளவுக்கே தேய்ந்திருந்தது. ராணி திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

“ஏம்ப்பா, ஒரு ஆட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?”

“ஒரு முட்டை வேகுறதுக்குள்ள முடிச்சிருவேம்மா.”

“நான் ஆடு இல்ல.”

பப்போலனுக்கு விளங்கியது. முதல் கற்றையை எடுத்தான், பிரித்தான், கீழே விட்டான், மறுபடி எடுத்தான். பாடகர்கள் முதல் சங்கீதத்தைத் தொடங்கினார்கள். ராணி எழுத்தரிடம் சொல்லத் தொடங்கினார்: அரண்மனை நெசவுக்கூடத்துப் பெண்களை இன்றுமுதல் விடுதலை செய்கிறேன்.

மொத்தமாக விடுதலை செய்யச் சட்டம் இடம் தராது, ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லித் தனித்தனிச் சீட்டு வேண்டும் என்று மாதல்கார் சொன்னார். ராணிக்கு அடிமைகளின் பேர் தெரிந்திருக்காது என்று அவர் நினைத்தார். தன் வீட்டில் இருப்பவர்களின் பேரே அவருக்குச் சரியாகத் தெரியாது.

ராணி பேர் சொன்னார். அல்பிஞ்சா, தறியில் வலது பக்கம் உட்காருபவள். மொதா, அவள் மகள் மொதில்லா. கடல் தாண்டி வந்த எத்கிவா. விரல் சுருங்கிய பெர்த்தா. ஒவ்வொரு பேருக்கும் எழுத்தர் தோல் எடுத்து எழுத, மெழுகு உருக்க, ராணி மோதிரத்தை அழுத்தினார். பக்கத்திலே பப்போலன் ஒவ்வொரு கற்றையாக, கத்தரி மழுங்கிவிட்டது என்று சாணை பிடிப்பதும், கை வியர்த்துவிட்டது என்று துடைப்பதுமாக, வாழ்நாளில் இவ்வளவு மோசமாக வேலை செய்ததில்லை.

நண்பகல் தாண்டியபோது மாதல்கார் பாடகர்களிடம் போய், கொஞ்சம் வேகமாகப் பாடினால் நல்லது என்றார். அவர்கள் பாவம் பயந்துபோய்ப் படபடவென்று பாடித் தள்ளினார்கள். நாலு சங்கீதம் போன பிறகு ஆயருக்கு விழிப்பு வந்தது. வேகமாகப் பாடிய சங்கீதம் மேலே போய்ச் சேராது, நாலையும் மறுபடி பாடுங்கள் என்று ஆணையிட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலை முன்னால் சாய்ந்து, தாடி மெழுகுச் சட்டியில் தோய்ந்தது. ராணி அன்று முழுதும் ஒரே தடவை சிரித்தார், அது அப்போதுதான்.

விடுதலைச் சீட்டுகளில் ஒரு வரி மட்டும் ஆயர் எழுதச் சொன்னார். விடுதலை பெற்றவளுக்கு ஒரு பாதுகாவலர் வேண்டும். இவர்கள் எல்லாரும் எங்கள் ஆலயத்தின் பாதுகாப்பில் இருப்பார்கள். ராணி தலையில் மிச்சமிருந்த கற்றைகளைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு எழுதச் சொல்லித் தலையாட்டினார். கற்றைகள் குறைந்துகொண்டே வந்தன.

பொழுது சாயும்போது அறுபத்திரண்டு சீட்டு முடிந்திருந்தது. தலையில் ஒரே ஒரு கற்றை. ராணி நெற்றியைத் தேய்த்து யோசித்தார். எல்லாரையும் சொல்லியாயிற்று என்று நினைக்கிறேன் என்றார். நூற்றைம்பதாவது சங்கீதம் முடிந்தது.  பப்போலன் அந்தக் கற்றையைப் பிடித்தபடி நின்றான், கத்தரி திறந்தே இருந்தது. வெட்டு என்றார் மாதல்கார். அவன் வெட்டவில்லை. வெட்டுடா என்றார். அவன் ராணி பக்கம் குனிந்தான்.

“உர்சான்னு ஒருத்தி இருக்காம்மா.”

“நெத்தியில தழும்பு இருக்குமே, அவளா?”

“ஆமாம்மா.”

மாதல்கார் பாய்ந்து வந்தார். எந்த அபிப்பிராயமும் இல்லை என்று பிரமாணம் எடுத்தவன் இப்போது வாய் திறந்தது பிரமாணத்தை மீறிய குற்றம் என்றார். பப்போலன் அவருக்குத் தலை குனிந்தபடி பதில் சொன்னான்.

“அபிப்பிராயம் இல்லைங்கய்யா. என் பொண்டாட்டி.”

ஆட்பெர்ட் யோசித்து, மனைவி என்பது அபிப்பிராயத்தில் சேராது, தகவலில்தான் சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். எழுத்தர் எழுதினார். ராணி மோதிரத்தை அழுத்தினார். பிறகு பப்போலனிடம், “முடிச்சிருப்பா, கழுத்து வலிக்குது” என்றார். கற்றை விழுந்தது.

விழுந்த நொடியில் ஆட்பெர்ட் அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார். அரச முக்காலி என்பதால் அதையும் எடுத்துவிட்டார்கள். லந்தில்தா எழுந்து நின்று, தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, மடத்து வண்டியை நோக்கி நடந்தார். வாசலில் கூடியிருந்த ஜனங்களிடம் மாதல்கார், ராணியம்மா தானே விரும்பித் துறவு பூண்டுவிட்டதாகவும், தாங்கள் எவ்வளவோ கெஞ்சித் தடுத்தும் கேட்கவில்லை என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மடத்தில் அவர் பதினொரு வருஷம் இருந்தார். பாத்திரம் கழுவினார், நோயாளிகளின் கட்டிலைச் சுத்தம் செய்தார், யார் வந்து கேட்டாலும் தான் ராணியாக இருந்த நாட்களைப் பற்றிப் பேசவில்லை. அரண்மனையிலிருந்து அந்தப் பதினொரு வருஷத்தில் யாரும் வந்து கேட்கவும் இல்லை. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார்.

இறந்த பிறகுதான் அவருக்கு அரண்மனையில் மரியாதை கூடியது. அவர் கல்லறையில் முழங்கால் வலி தீர்ந்ததாக ஒரு கிழவர் சொல்ல, மறுமாதமே ஆயர் பலாதியன் அவரைப் புனிதராக அறிவிக்கும் வேலையைத் தொடங்கினார். புனிதர் ஒருவரின் கல்லறை இருக்கிற ஆலயத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் காணிக்கையும் வரும். மாதல்கார் கல்லறையருகில் நின்று பேசினார். அந்தத் துறவுப் பாதையின் கதவைத் திறந்துவிட்ட பாக்கியம் தனக்குத்தான் கிடைத்தது என்றார். தான் மட்டும் அன்று மனம் தளர்ந்திருந்தால் நாடு ஒரு புனிதரை இழந்து, வெறும் ராணியோடு நின்றிருக்கும் என்றார்.

பேழையைத் திறந்து மயிர்க் கற்றைகளை ஊர் ஊராக ஆலயங்களுக்கு அனுப்பினார்கள். நூற்றைம்பது கற்றை வெட்டியதற்குப் பேழையில் நூற்றெண்பது இருந்தது. முதல் அற்புதமாக அதை எழுதிக்கொண்டார்கள். அதில் முப்பது கற்றை மட்டும் வெள்ளையாக, தடிப்பாக இருந்தது. அது தூய்மையின் அடையாளம். எங்கள் பக்கத்து ஊர் ஆலயத்துக்கு வெள்ளைக் கற்றை ஒன்று கிடைத்தது. அங்கே குதிரைகள் மட்டும் நன்றாகக் குணமாகின்றன என்று ஜனங்கள் வியக்கிறார்கள்.

புனிதரின் வாழ்க்கையை எழுத ஒரு துறவியை அமர்த்தி, சாட்சிகளை அழைத்தார்கள். பப்போலனையும் அழைத்தார்கள். இதற்குள் அவனும் உர்சாவும் ஆற்றோரம் ஒரு குடிசை போட்டு ஒன்றாக இருந்தார்கள். ஆனால் ஆயர் எழுதச் சொன்ன அந்த ஒற்றை வரி வேலை செய்துகொண்டிருந்தது. ஆலயத்தின் பாதுகாப்பில் இருக்கிற பெண்கள் நன்றிக்கடனாக வருஷத்தில் நாற்பது நாள் ஆலயத்துக்கு நூல் நூற்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புனிதர் வந்தபின் அது எண்பது நாளானது. கல்லறையைக் கழுவும் வேலையும் சேர்ந்தது. விடுதலை கொடுத்தவருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று கேட்டார்கள்.

விசாரணையில் ஆயரே கேள்வி கேட்டார். கத்தரி தானாக நகர்ந்ததா? இல்லைங்க, நான்தான் நகர்த்தினேன் என்றான் பப்போலன். நகர்த்தியது நீதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? கை வலித்துச்சுங்க. மயிரிலிருந்து நறுமணம் வந்ததா? அடுப்புப் புகை வாசம் வந்ததுங்க. புனிதர் புன்னகைத்தாரா? ஒரு தடவை, ஐயாவோட தாடி மெழுகுல விழுந்தப்போ. துறவி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

அறுபத்து மூன்று பேரை விடுதலை செய்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று பப்போலன் தானாகச் சொன்னான். எல்லார் பேரும் தனக்கு நினைவிருப்பதாகவும், மெதுவாகச் சொல்வதாகவும் சொன்னான். ஆயர் சிரித்தார்.

“அது நிர்வாக விஷயம்ப்பா. அடிமையை விடுவிக்கிறது அற்புதத்துல சேராது. எவன் வேணா மோதிரத்தை அழுத்திச் செஞ்சிரலாம்.”

“அப்போ ஐயா ஏன் இன்னும் செய்யல?”

பப்போலன் நையாண்டியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆயரின் பண்ணையில் அப்போது நானூறு அடிமைகள் இருந்தார்கள். ஆயர் உணவு வேளை ஆகிவிட்டது என்று மணியடிக்கச் சொன்னார்.

மதியத்துக்குப் பிறகு மாதல்கார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். சாட்சியம் ஏற்கனவே எழுதித் தயாராக இருந்தது: ராணி மகிழ்ந்து வந்தார், கத்தரியைத் தானே எடுத்து நீட்டினார், வானத்தில் ஒளி தெரிந்தது. கீழே ஒரு சிலுவைக் குறி போட்டால் போதும். போட்டால் உன் மனைவிக்கு அந்த எண்பது நாள் வேலை கிடையாது என்றார். பப்போலன் தோலைப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. உர்சாவின் கை குளிர்காலத்தில் வெடித்து ரத்தம் கசிவது நினைவுக்கு வந்தது. போடலாம் என்றுதான் கையை நீட்டினான். பிறகு எழுதுகோலை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டான்.

“அவங்க கழுத்து வலிக்குதுன்னாங்கய்யா. அதை எழுதுனா போடுறேன்.”

மாதல்கார் அவனை வற்புறுத்தவில்லை. எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தானே ஒரு சிலுவைக் குறி போட்டார். ஒரு சிலுவைக்கும் இன்னொரு சிலுவைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, போய்வா என்றார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது உர்சா அவனைத் திட்டவில்லை. போட்டிருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொன்னாள். கொஞ்சம் கழித்து, போடாதது நல்லதுதான் என்று இன்னொரு வார்த்தை சொன்னாள். 

ஆனால் ஆவணக்காரர்களின் நேர்மை ஒரு தனி வகை. ஆவணத்தில் சிலுவை இருந்தது. சிலுவை இருந்தால் சலுகை உண்டு என்று விதி இருந்தது. இரண்டு வாரத்தில் ஆயரின் முத்திரையோடு சலுகைச் சீட்டு வந்துவிட்டது. கொண்டுவந்த ஆலயத் திருத்தொண்டர் வாசலில் நின்று படித்தார்: இதைக் காட்டுகிற கத்தரிக்காரன் மனைவிக்குப் புனிதரின் பணிகளிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. உர்சா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

“அதுல என் பேரு எங்கங்க?”

“பேரெல்லாம் எதுக்கு? கத்தரிக்காரன் ஒருத்தன்தானே.”

உர்சா சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பழைய நெசவுக்கூடத்துப் பெண்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேர் உயிரோடு இருந்தார்கள். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சொன்னாளாம். மீதியை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

புனிதரின் முதல் திருவிழாவுக்கு முந்திய வாரம், ஆலய வாசலில் ஒரு கணக்கர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். உர்சா முதலில் போய்ச் சீட்டைக் காட்டினாள். கத்தரிக்காரன் மனைவி என்றாள். கணக்கர் முத்திரையைப் பார்த்து, விலக்கு என்று குறித்துக்கொண்டார். அவள் திரும்பும்போது சீட்டைப் பின்னால் நின்ற மொதில்லாவிடம் கொடுத்தாள். மொதில்லாவும் கத்தரிக்காரன் மனைவி. அடுத்து எத்கிவா. ஐந்தாவது பெண் வந்தபோது கணக்கருக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் ஆயரின் முத்திரையைச் சந்தேகிப்பது பாவம் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பணிவிதியில் இருந்தது. என் அம்மா பத்தொன்பதாவதாக நின்றாள். பக்கத்தில் என் அப்பா கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் கூசாமல் சொன்னாள், அவரும் கூசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தோராவது, விரல் சுருங்கிய பெர்த்தா; இப்போது கண்ணும் தெரியாது. அவளுக்கு எண்பது வயது. தனக்கும் கத்தரிக்காரனுக்கும் போன மாதம்தான் கல்யாணம் ஆனது என்று கேட்காமலே ஒரு விவரம் சேர்த்துச் சொன்னாள்.

விஷயம் ஆயருக்குப் போனது. அவர் ஏழு ஊர் ஆயர்களைக் கூட்டிச் சபை போட்டார். அடிமைகளை விடுவிப்பதுபற்றிப் பேச ஒரு வேளைகூட ஒதுக்காத சபை, பப்போலனுக்கு எத்தனை மனைவி என்று ஒன்பது நாள் பேசியது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஒருத்திதாங்க, அதுக்கே ஞாயித்துக்கிழமை மட்டும்னு பன்னிரண்டு வருஷம் வச்சிருந்தீங்க என்றான். முத்திரை நாற்பத்தொன்று என்கிறது, முத்திரை பிழை செய்யுமா என்று ஆயர் கேட்டார். பிழை செய்யும் என்றால் மற்ற முத்திரைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். மூன்று கிராமம் கொடுத்து அவர் வாங்கிய பதவிப் பத்திரமும் அதில் சேர்த்தி. செய்யாது என்றால் ஒருவனுக்கு நாற்பத்தொரு மனைவியைத் திருச்சபை அங்கீகரித்தது ஆகிவிடும். சபை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கும்போது ஓர் இடைக்கால ஆணை போட்டார்கள்: வழக்கு முடியும்வரை, இப்படிப்பட்ட சந்தேகத்துக்குரிய திருமணத்தில் இருக்கும் பெண்கள் யாரும் புனிதரின் கல்லறையை நெருங்கவோ, பீடத்துக்கான நூலைத் தொடவோ கூடாது.

அன்றிலிருந்து கல்லறையைத் திருத்தொண்டர்கள் முழங்காலிட்டுக் கழுவுகிறார்கள். நூல் நூற்கவும் பழகிவருகிறார்கள், சுமாராக வருகிறது. பப்போலன் வெள்ளிக்கிழமைகளில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்று தண்டனை. அவனிடம் செருப்பு இருந்ததே இல்லை.

இதுவரை மூன்று சபை கூடிவிட்டது. நாலாவது வரும் வசந்தத்தில். நாற்பத்தொரு பேரில் மூத்தவள் யார் என்பது முதல் பொருளாம். எல்லாரும் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அழைப்பு வந்திருக்கிறது. உர்சா வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ஆற்றில் துணி துவைக்க வேண்டியிருக்கிறது, தன்னுடைய துணியை.